வலது கையைக் காட்டு

— இப்ப இருக்கறவங்களுக்குக் கேள்வி கேக்க மட்டும்தான் தெரியுது, பதிலைக் கேக்கப் பொறுமை கிடையாது. நான் வாயைத் திறக்கறேன், நீ போனைத் தடவிட்டு இருக்கே. அப்புறம் எதுக்கும்மா கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்தே?

— மன்னிச்சுக்கங்கய்யா. இந்த போன்லதான் உங்க பேச்சு பதிவாகுது. ஓடுதான்னு பாத்தேன்.

— மச்சான், அந்தப் பொண்ணு மேல ஏன் எரிஞ்சு விழறே? நினைவு மண்டபத்துல வேலை பாக்குது, சொன்னதைச் செய்யுது. இப்ப பதிவு பண்றதைச் சாயங்காலம் விழாவுல போடுவாங்க. பட்டாளத்துக்குப் போய் வந்த கிழவனுங்க ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு வார்த்தை. அவ்வளவுதான் சங்கதி. நான் பேசினது பாரு, வழுக்கிட்டுப் போச்சு.

— ஏன்டா பூட்ஸு, உன் பேச்சு வழுக்காம என்ன செய்யும்? பள்ளிக்கூட மேடையெல்லாம் ஏறி ஏறி உனக்கு மனப்பாடம். ஏம்மா, அந்தச் சுவத்துல புதுசா மாட்டியிருக்கே எங்க ரெண்டு பேர் படம், அதுக்கு அடியில என்ன எழுதியிருக்கு? எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். நீ சத்தமாப் படி.

— "தாமாக முன்வந்த வீரர்கள்"னு இருக்குங்கய்யா.

— தாமாக! நானு! நல்லாக் கேட்டுக்க. நாளைக்குக் காலையில என் பொண்ணு பெத்த பேரன் பட்டாளத்துல போய்ச் சேரப் போறான். யாரும் கூப்பிடல. அவனாப் போறான். பையெல்லாம் கட்டி வாசல்கிட்ட வெச்சாச்சு. எதுக்குப் போறான்? தாத்தா ரெண்டு பேரும் தாமாகப் போன மகராசனுங்கன்னு ஊரே கத்துதே, அதுக்குத்தான். சாயங்காலம் அவன் இங்க முன்வரிசையில உக்காருவான். அவன் காதுல விழணும், நான் எப்படிப் போனேன்னு. நான் வந்தது அதுக்கு. சிரிச்ச முகமாப் பேசறதுக்கு இல்ல.

— வீட்லயே பேரன்கிட்ட சொல்லலாமேய்யா?

— சொல்லாம? அவன் தவழற வயசுலேர்ந்து சொல்றேன். சோத்துத் தட்டு முன்னாடி சொல்றேன், படுக்கையில சொல்றேன். தலையைக் குனிஞ்சுட்டு இருப்பான். வீட்டுக் கிழவன் சொன்னா அது புலம்பல். அதையே மண்டபத்துல மைக்கு வெச்சுச் சொன்னா சரித்திரம். அதான் இப்ப நியாயம்.

— மச்சான், நான் சொல்றதைக் கேளு. அடுத்த மாசத்துலேர்ந்து மறுபடியும் கட்டாயமா ஆள் எடுக்கப் போறாங்கன்னு ஊர்பூரா பேச்சு. எப்படியும்...

— எடுக்கட்டுமே! வரும்போது ஒளியலாம், ஓடலாம், நொண்டின்னு நடிக்கலாம். இவன் எதுக்குடா முன்கூட்டியே போய்க் கழுத்தை நீட்டணும்? நீ குறுக்கே வராதே. ஏம்மா, ஓடுதா?

— ஓடுதுங்கய்யா. சொல்லுங்க.

— நான் பேக்கரியில வேலை பாத்தேன். அப்ப விறகு அடுப்பு. பேக்கரிக்காரங்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஊரும் திங்கணும், பட்டாளமும் திங்கணும் இல்லையா? உடனே ஊர்ல இருக்கற வாத்தியான், வக்கீல் குமாஸ்தா, எல்லாப் பயலும் மூஞ்சியில மாவைப் பூசிட்டு நானும் பேக்கரிங்கறான். அதனால பிடிக்க வர்றவன் ஒரு வழி கண்டுபிடிச்சான். ரொட்டித் தட்டை வெளிய இழுக்கும்போது அடுப்பு வாயில இருக்கற இரும்பு கையில படும். படாதவன் எவனும் இல்ல. மணிக்கட்டுக்கு மேல கோடு கோடாத் தழும்பு விழுந்திருக்கும். அதைப் பாப்பான். வலது கையைக் காட்டுன்னுவான். தழும்பு இருந்தா நீ பேக்கரிக்காரன். இல்லேன்னா லாரியில ஏறு.

— உங்க கையில இல்லையா?

— இந்தா பாரு. இந்தக் கையை நல்லாப் பாரு. இடமில்லாமக் கிடக்கு.

— ஐயா, இது இடது கை.

— அதேதான்! நான் இடக்கைக்காரன். தட்டை இந்தக் கையாலதான் இழுப்பேன். வலது கை வழுவழுன்னு மாப்பிள்ளை கை மாதிரி இருக்கும். அந்தத் தடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான். ஐயா, இந்தக் கையைப் பாருங்கன்னு இடது சட்டைக் கையைச் சுருட்டினேன். முட்டியில ஒரு போடு போட்டான். "வலது கைன்னு உத்தரவுல இருக்கு, எனக்கே நீ சட்டம் சொல்றியா?" அப்ப அவன் வாயில என்ன இருந்துது தெரியுமா? என் ரொட்டி! நான் சுட்டு ஆவி அடங்காத ரொட்டி. அதை மென்னுட்டே சொல்றான்மா, நீ பேக்கரிக்காரன் இல்லேன்னு.

— கடை முதலாளி ஒண்ணும் சொல்லலியா?

— அந்த மனுஷன் கல்லாப் பெட்டியைத் துடைச்சுட்டு இருந்தான். துடைச்ச இடத்தையே துடைக்கறான். "இவன் இடக்கைக்காரங்க" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை. வாய் வலிச்சிருக்குமா? பக்கத்துல நின்ன கூட்டாளிங்க? ஒருத்தனும் மூச்சு விடல. கைகூடக் கழுவ விடாம இழுத்துட்டுப் போனானுங்க. மாவு விரல்லயே காஞ்சு பொருக்குத் தட்டிருச்சு. லாரி கிளம்பறப்ப உள்ள வெச்ச ரொட்டி கருகற வாசனை வருது. வீட்ல என் பொண்டாட்டி, இவன் அக்கா, வயித்துப் பிள்ளையோட வாசல்லயே நிக்கறா. அவளுக்கு யார் போய்ச் சொன்னது? எவனும் சொல்லல.

— ஐயா, தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். இன்னும் கேளு. முகாமுக்குக் கொண்டு போய் எனக்கு என்ன வேலை குடுத்தான் தெரியுமா? ரொட்டி சுடற வேலை! அங்க மட்டும் நான் பேக்கரிக்காரன் ஆயிட்டேன். அப்புறம் ஆள் குறைஞ்சதும் துப்பாக்கியைக் குடுத்துத் தள்ளி விட்டான். அதையும் வலது தோள்லதான் வெக்கணுமாம்.

— மச்சான், நான்கூட...

— நீ பேசாதே. ஏம்மா, இவன் எதுக்குப் போனான்னு உனக்குச் சொன்னானா?

— நாட்டுக்காகன்னு...

— நாட்டுக்காக! சைக்கிள்ல ரொட்டி போடற பயல், வெறுங்கால்ல மிதிச்சு மிதிச்சுப் பாதம் பிளந்து கிடந்துது. பட்டாளத்துல புது பூட்ஸு தர்றான்னு கேள்விப்பட்டு ஓடினான். பூட்ஸுக்காகப் போனவன் ஒரு காலை விட்டுட்டு வந்தான். இப்ப வீட்ல ஒரு பூட்ஸு மிச்சமாக் கிடக்கு. மேடையில அதைச் சொல்லுவானா?

— சொன்னா கைதட்ட மாட்டாங்க மச்சான். அந்தக் கட்டைக் காலைத் தூக்கிட்டு மேடை ஏறறதே அந்தக் கைதட்டுக்குத்தான்.

— உன் கைதட்டுல என் பேரன் போறான்டா.

— அவன் என்னால போகல.

— பின்ன யாரால?

— விடு மச்சான்.

— ஐயா, ஒரு விஷயம். விழாக் குழுவுல பெருமையான வார்த்தை மட்டும் போதும்னு சொல்லியிருக்காங்க. ஆனா நான் இதுல எதையும் வெட்டாம, அப்படியே போட்டுக் காட்டறேன். யார் திட்டினாலும் பரவால்ல.

— அப்படித்தான் சொல்லுவே. சாயங்காலம் பாட்டும் பூவும்தான் இருக்கும்.

— சத்தியமாய்யா.

— சத்தியம் பண்றவங்களை நிறையப் பாத்துட்டேன். சரி, ஒருவேளை போட்டேன்னா, அந்த முட்டியில அடிச்ச இடம் தெளிவாக் கேக்கணும். ரொட்டி மென்னது கேக்கணும். அதைக் கேட்டுட்டு ஒருத்தன் தானா எழுந்து போவானா? மாட்டான். பையைப் பிரிச்சுத் துணியைக் கொடியில போட்டுருவான். நீ வேணா பாரு.

— மச்சான், அவன்கிட்ட நீ ஒரு தடவை நின்னு, எதுக்குடா போறேன்னு கேட்டியா?

— எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா? நீயும் உன் ஒத்தை பூட்ஸும் செஞ்ச வேலை.

— அவன் என்கிட்ட வேற சொன்னான்.

— உன்கிட்ட சொல்லுவான், நீ அதையும் மேடையில பேசுவே. நான் நம்பல. உன்னையும் நம்பல, இந்தப் பொண்ணு போனையும் நம்பல. அந்தப் படத்துக்கு அடியில இருக்கற எழுத்தைச் சுரண்டிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்.

— ஐயா, கார் இருக்கு, கொண்டு விடச் சொல்றேன்...

— வேணாம். அன்னைக்கு என்னை லாரியில ஏத்திக் கொண்டு போனானுங்களே, அதுவே போதும். நடந்தே போறேன்.

— போயிட்டாரே. ஏங்கய்யா, பேரன் உங்ககிட்ட என்ன சொன்னாரு? அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?

— அதை எப்படிம்மா அவர் மூஞ்சிக்கு நேரா சொல்றது? போன வாரம் நான் அந்தப் பயலைப் போகாதேடான்னு சண்டை போட்டேன். என் பூட்ஸ் கதை மொத்தமும் சொன்னேன், சிரிச்சான். அப்புறம் சொல்றான், "சின்னத் தாத்தா, தாத்தாவை மாவுக் கையோட இழுத்துட்டுப் போனதைக் கேட்டுக் கேட்டே நான் வளந்தேன். அடுத்த மாசம் என் கையையும் திருப்பித் திருப்பிப் பாக்க ஒருத்தன் வருவான். அவன் வர்றதுக்குள்ள, கையைக் கழுவிட்டு நானே போயிடறேன்"னு.