சாவி என் கையில் இருந்த நாள்

சைரன். படிக்கட்டில் ஓடுகிறோம். சாவி என் கையில்.

"கோமதி! தொறடி சீக்கிரம்!"

திறக்கிறேன். கீழ்த்தள குடோனின் இரும்புக் கதவு. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். எல்லோரும் தர்மபுரிப் பக்கத்துப் பெண்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணி தைக்கப் போனவர்கள். அந்த நாட்டுச் சண்டைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

மேனேஜர் முதல் குண்டுக்கே காரேறிப் போய்விட்டார், மகராசன். குடோன் சாவியை மட்டும் சுமதி அக்காவிடம் கொடுத்தார். அக்கா எங்கள் சூப்பர்வைசர். கடத்தூர்க்காரர். பாத்ரூம் போகக்கூட அவரைக் கேட்டுத்தான் போவோம். ஒரு நாள் சைரன் அடித்தபோது அக்கா குளித்துக்கொண்டிருந்தார். பூட்டிய கதவின் முன்னால் அவருக்காக நின்றோம். பூட்டை உடைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. அக்காவைக் கேட்காமல் எப்படி? பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தது.

ஈரத்தலையோடு ஓடிவந்த அக்கா திட்டித் தீர்த்தார். பிறகு அழுதார். அன்றிலிருந்து சாவி ஆள் மாற்றிச் சுற்றியது, ஊரில் ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது போல. சாவி யாரிடமோ, அன்று அவள் பேச்சுதான். எப்போது திறப்பது, எப்போது சாத்துவது, எல்லாம். அக்காவும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இன்று என் முறை. தெய்வானை காய்ச்சலோடு மேலே படுத்திருக்கிறாள். அவளைக் கூட்டிவர அக்கா போயிருக்கிறார். தலைக்கு மேல் விர்ரென்று சத்தம். நெருங்குகிறது. உள்ளே எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டையே பார்க்கிறேன்.

மேல்படியில் அக்கா தெரிகிறார். தோளில் தெய்வானை.

"அக்கா! சாத்தட்டுமா?"

"என்னை ஏண்டி கேக்கற? இன்னிக்கு நீதான்! சாத்துடி!"

சாத்தினேன். தடால். உடனே இடி.

அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம். பொறுடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறுத்திருப்பேன். எல்லோரும் செத்திருப்போம். தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஊர் திரும்பியதும் கடத்தூர் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவ சொல்லித்தானம்மா சாத்துன?"

ஆமாம் என்றால் இருவருக்கும் கொஞ்சம் ஆறும். இதைச் சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது.

"அவங்க குடுத்த சாவிங்க. சாத்துனது நானுங்க."

உள்ளே இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். இன்றும் எதற்கெடுத்தாலும் போன் போட்டு என்னைக் கேட்கிறார்கள். திட்டுகிறேன்.

போனவை: மேல்மாடி. அத்தனை தையல் மெஷின்கள். என் வலது காது.

போனவர்கள்: சித்தேரி தெய்வானை. கடத்தூர் சுமதி அக்கா.

இரண்டு பேர்.