ரிட்டர்னுக்கு என்ன காரணம்

இல்லங்க மேடம், உடைஞ்சிலாம் வரல. ஸ்க்ராட்ச்சும் இல்ல. கலரும் நாங்க கேட்ட அதே கருப்புதான். ரிட்டர்னுக்கு என்ன காரணம்னு நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. ஆனா நீங்க படிக்கற காரணத்துல ஒண்ணுகூட எங்களுக்குப் பொருந்தலியே, நான் இன்னா பண்ணட்டும்? சைஸா? எங்க ஊட்டுக்காரருக்குக் கொஞ்சம் பெரிய மூஞ்சி, காதாண்ட லேசா இறுக்குது. அதுக்காவ யாராவது திருப்பி அனுப்புவாங்களா?

ஒரு நிமிஷம் இருங்க. ரோஜா, பக்கெட்ட விடு. விடுன்னு சொன்னேன்ல. பாப்பாங்க. ரெண்டு வயசு. அவங்கப்பா கண்ணாடி டப்பாவ எடுத்துனு போய் தண்ணில மொதக்க உடப் பாக்குது. நல்ல வேளை, கண்ணாடி என் கையில இருக்கு.

உங்க பேரு சந்திரகலான்னு சொன்னீங்கல்ல? எந்த ஊருங்க நீங்க? மதுரையா. அப்ப கும்மிடிப்பூண்டில உங்களுக்கு யாரையும் தெரியாது. இல்லங்க, சும்மாதான் கேட்டேன். இங்க சிப்காட் பக்கம் லைன் வீட்ல இருக்கோம். இந்த லைன்ல காலைல யாராவது தும்முனா சாயந்திரத்துக்குள்ள கம்பெனி கேட்டுல இருமலுக்கு மருந்து விசாரிப்பாங்க. அப்பிடி ஒரு எடம்.

ஆமாங்க, அதே ஆர்டருதான். ப்ளூ லைட் ரீடிங் கிளாஸ், பவர் ஒண்ணரை, ஹேமநாத்ன்ற பேர்ல இருக்கும். போலின்னு போட்டா உடனே எடுத்துப்பீங்களா? ஐயோ, போலி இல்லங்க அது. நீங்களே கூட ஒரு குட்டி டார்ச்சும் ஒரு கார்டும் வெச்சி அனுப்பினீங்கல்ல, அத அடிச்சிப் பாத்துட்டேன். கார்டு மேல நேரா அடிச்சா நீலமா ஒரு பொட்டு விழுது. நடுவுல கண்ணாடிய வெச்சி அடிச்சா விழல. அப்ப கண்ணாடி ஒரிஜினல்தான? அந்தப் பொட்டு விழுந்திருந்தா எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்திருக்கும் தெரியுமா. கண்ணாடி டூப்ளிகேட்டு, அதான் வேலை செய்யலன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். நானும் பொழுது சாயறவரைக்கும் அடிச்சி அடிச்சிப் பாத்தேன். விழவே இல்ல.

வேலை செய்யலன்னா எப்பிடின்னா... அத எப்பிடிங்க ஃபோன்ல சொல்றது?

நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து தூங்காம ஃபோனையே பாத்துகினு இருப்பாரு. ஒரு நாள் ஃபோனத் தூரமா புடிக்கறாரு, கிட்ட புடிக்கறாரு, சாய்ச்சிப் புடிக்கறாரு. இன்னாய்யான்னா, எழுத்து நடுவுல ஒரு கறை மாதிரி இருக்குதும்மா, ஸ்க்ரீனத் தொடச்சிக் குடுங்கறாரு. நானும் பனியன்ல தொடச்சிக் குடுத்தேன். அப்புறம் பாத்தா கறை பேப்பர்லயும் இருக்குதாம், டிவிலயும் இருக்குதாம், சோத்துத் தட்டுலயும் இருக்குதாம். டாக்டராண்ட போலாம்னேன். வேணாம், நான் வீடியோ பாத்தேன், இது ஃபோன்ல வர்ற நீல வெளிச்சத்தால, கண்ணாடி போட்டா சரியாப் போய்டும்னாரு. கறையோட பாத்த வீடியோ! நானும் நம்பினேங்க. நம்பறதுதான் அப்ப ஈசியா இருந்துச்சு. பவர் எவ்ளோன்னு கேட்டா, எதோ நடுவுல போடுன்னாரு. ஒண்ணரை போட்டேன்.

வந்த அன்னிக்கி மாட்டிகினு பாப்பாவ மடில உக்கார வெச்சிப் பாத்தாரு. இன்னா தெரியுதான்னு கேட்டேன். சூப்பரா தெரியுதுன்னாரு. ஆனா அவரு பாப்பா மூஞ்சியப் பாக்கலங்க. காதப் பாக்கறாரு. காதப் பாத்தாதான் மூஞ்சி ஓரமா தெரியுமாம். பாப்பா என்ன பண்ணுது, அப்பா நமக்குப் பின்னாடி யாரையோ பாக்கறாருன்னு திரும்பித் திரும்பிப் பாக்குது. அவரு சிரிக்கறாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் போய் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன், அடுப்பு எரியல ஒண்ணும் இல்ல.

என்ன வேலையா? அதான மேடம் பிரச்சனையே.

ரோலிங் மில்லுல கிரேன் ஓட்டறாரு. ரோட்டுல நிக்குமே அது இல்ல. ஷெட்டு கூரைக்குக் கீழ தண்டவாளம் போட்டிருக்கும், அதுல ஓடற கிரேனு. அதுல ஒரு கேபின் தொங்கும், அதுல உக்காந்துகினு இரும்புக் கட்டைங்களக் கட்டுக் கட்டா தூக்கி எடுத்துனு போய் வெப்பாரு. கீழ ஏழுமலைன்னு ஒருத்தரு நின்னு கைய காட்டுவாரு. மில்லு சத்தத்துல கத்தினாலும் கேக்காதுங்க, எல்லாம் கைதான். கைய விரிச்சிக் கீழ அமுக்கினா எறக்கு. கட்டவெரலத் தூக்கினா ஏத்து. கைய மூடிக் காட்டினா நில்லு.

இப்ப அந்தக் கையப் பாத்தா கை இருக்காதாம். தோளப் பாத்தாதான் கை வருதாம். இத ஏதோ வித்தை கத்துகினு வந்த மாதிரி எங்கிட்ட சொல்றாருங்க. விரிச்ச கைக்கும் மூடுன கைக்கும் வித்தியாசம் தெரியுதான்னு கேட்டேன். ஏழுமலைய எனக்குத் தெரியாதா, அவன் எப்ப எத காட்டுவான்னு எனக்கு மனப்பாடம்ன்றாரு.

போன வாரம் ஏழுமலை கொழாயடில நின்னு என்னக் கூப்புட்டாரு. அண்ணி, உங்க பைலட்டு நேத்து எனக்கு சங்கு ஊதப் பாத்தாரு. நான் நில்லு நில்லுன்றேன், சரக்கு பாட்டுக்கு தலைக்கு மேல வந்துகினே இருக்குது, நான் எகிறிக் குதிச்சேன் பாரு. ஊட்ல கொஞ்சம் தூங்க உடு அண்ணின்னு சொல்லிட்டு சிரிக்கறாரு. அவரு பொண்டாட்டி ஜோதிலட்சுமி பக்கத்துல நின்னுகினு சீ, வாயப் பாருன்னு அடிக்குது. நானும் சிரிச்சேன். வேற இன்னா பண்றது? எங்க ரெண்டு ஊட்டுக்கும் ஒரே கொடிதாங்க. அவரு யூனிஃபார்மும் இவரு யூனிஃபார்மும் பக்கத்துல பக்கத்துலதான் காயும். அன்னிக்கி எங்களுத மட்டும் ஈரத்தோட எடுத்துனு வந்து உள்ள ஃபேன்ல போட்டேன்.

சொல்லிடலாமேன்னு கேக்கறீங்க. நீங்க மதுரைல உக்காந்துகினு ஈசியா கேட்டுட்டீங்க. சொன்னா கிரேன்ல இருந்து எறக்கிடுவாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கறவருக்கு கீழ வேலை எவங்க எடுத்து வெச்சிகினு காத்துனு இருக்கான்? ஆனா நான் அதுக்குக்கூட ரெடிதான். அன்னிக்கே அவருகிட்ட சொன்னேன், நான் போய் உங்க ஆபீஸ்ல சொல்லப் போறேன்னு. கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. தூங்கிகினு இருந்த பாப்பாவ எடுத்துனு வந்து, என் கைய புடிச்சி அது தலை மேல வெச்சாரு. கம்பெனில யாருக்கும், இந்த லைன்ல யாருக்கும் என் கண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னாரு.

பண்ணிட்டேன். கான்வென்ட்ல சத்தியம் பண்றதே பாவம்னு சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க. பத்து வருஷம் படிச்சேன், இங்கிலீஷ் பேசுவேன், ஆனா புள்ள தலைல கைய வெச்சதும் எல்லாம் போச்சுங்க. அன்னிலேந்து இது தும்முனா பயம், சோறு வேணாம்னா பயம். ஏழுமலைய கொழாயடில பாத்தா அது வேற பயம். இந்தப் பக்கம் என் புள்ள தலை, அந்தப் பக்கம் ஏழுமலை தலை. நீங்களே சொல்லுங்க, எத உடறது?

இல்லங்க, அழுவல. உங்ககிட்ட சொல்றதுல ஒண்ணும் இல்ல. நீங்க கம்பெனியும் இல்ல, லைனும் இல்ல. அத யோசிச்சிட்டுதான் பேசறேன்.

ஆங், கேக்குது மேடம். உபயோகம் இல்லன்னு போட்டுக்கறீங்களா? போட்டுக்கோங்க, அதான் சரியான காரணம். எடுக்க ஆள் எப்ப வருவாங்க? நாளைக்குக் காலைல பத்து மணிக்கா? நாளைக்கு வேணாங்க. அதுக்கு அடுத்த நாள் போடுங்க. நாளைக்கு அந்த நேரத்துக்கு அவரு ஊட்ல இருப்பாரு. வந்த கோவத்துல உங்க ஆளப் புடிச்சி நாலு வார்த்தை கேட்டுடப் போறாரு, பாவம்.

லீவெல்லாம் இல்லங்க. காலை ஷிப்ட்டுதான் போறாரு. ஆனா சீக்கிரமே திரும்பி வந்துடுவாரு. நாளைக்கு கிரேன் ஓட்டறவங்களுக்கு கண்ணு டெஸ்ட்டு. வருஷா வருஷம் வைப்பாங்க. மருந்து ரூம்ல ஒரு சார்ட்டு மாட்டியிருக்கும், இங்கிலீஷ் எழுத்தா, மேல பெருசு, போகப் போகப் பொடிசு. பல வருஷமா அதே சார்ட்டுதானாம். இவரு பிரஷர் பாக்கப் போற மாதிரி போய் அத ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துனு வந்துட்டாரு. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிடலாம்னு.

ஆனா ஃபோட்டோவ எப்பிடிப் படிப்பாரு? எவ்ளோ பெருசாக்கினாலும் பாக்கற எழுத்து கறைக்குள்ள போய்டுது. வெளிய யார்கிட்டயும் காட்ட முடியாது. அதனால என்னப் படிச்சிக் காட்டச் சொன்னாரு. நீதான் கான்வென்ட்டாச்சே, ஞாபகம் வெச்சிக்கற மாதிரி சொல்லிக் குடும்மான்னாரு. ஸ்கூல்ல எங்களுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் அதுல ஆரம்பிக்கற ஒரு இங்கிலீஷ் வார்த்தைய வெச்சி ஒரு வாக்கியம் கட்டச் சொல்லித் தருவாங்க. அந்த மாதிரி வரிக்கு ஒரு வாக்கியம் கட்டிக் குடுத்தேன். ஒண்ணுல பீட்டர் டின்னருக்கு சிக்கன் சாப்புடுவான். யாரும்மா அந்த பீட்டரு, சிக்கன் அவனுக்கு மட்டும்தானான்னு கேட்டு சிரிச்சாரு. அப்பிடி சிரிச்சி ரொம்ப நாளாச்சு.

மேல ரெண்டு வரி இருக்குதே, பெரிய எழுத்து, அது ஓரக்கண்ணால பாத்தா அவருக்கே மங்கலா தெரியும். அதனால அத சரியாத்தான் படிச்சேன்.

அதுக்குக் கீழ சார்ட்டுல இருக்கறது வேறங்க. நான் படிச்சிக் காட்டினது வேற.

மொத நாள் வாய் தவறி வந்துச்சோ, நானா சொன்னேனோ, எனக்கே தெரியல. ஆனா அதுக்கப்புறம் தெனமும் தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தேன். அவரு நாளைக்கு அந்த ரூம்ல நின்னு, இல்லாத எழுத்த கடகடன்னு ஒப்பிப்பாரு. டாக்டருக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேக்க வேண்டியிருக்காது. நான் யார்கிட்டயும் சொல்லலங்க. கம்பெனில சொல்லல, லைன்ல சொல்லல. சத்தியம் சத்தியமாவே இருக்குது. இருக்குதுல்ல?

சரி மேடம், வெக்கறேன். நாளைக்கு மறுநாள், மறந்துடாதீங்க. இன்னிக்கி காலைலகூட, கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிச்சிகினு இருக்குது, இவரு பாப்பாவ தூக்கி வெச்சிகினு மேலேந்து கீழ வரைக்கும் எங்கிட்ட ஒப்பிச்சிக் காட்டினாரு. ஒரு எழுத்து தப்பு வுடல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னாருங்க.