முன்னாடி ஒரு வரிசை

இல்லம்மா, முன்னாடி சீட் காலியா இருக்கறது எனக்கும் தெரியும். நான் இங்கயே இருந்துக்கறேன். குலுக்கத்தான் செய்யும், கடைசி சீட்டுன்னா அப்படித்தானே. நீங்க வேணா போய் உக்காருங்க. ஓ, நீங்களும் இங்கயேவா? சரி, அந்தப் பைய என் மடியில வைங்க. பரவாயில்ல, காலையில இருந்து நின்னு நின்னு மரத்துப் போன உடம்பு, உங்க பை ஒண்ணும் பண்ணிடாது.

காத்து மூஞ்சில அறையுதா? முன்னாடி பச்சை ஸ்வெட்டர் போட்ட பொண்ணு ஜன்னலத் திறந்து வச்சிருக்கு. வேணாம் வேணாம், சாத்தச் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டமோ. நீங்க முந்தானைய இழுத்துப் போத்திக்கங்க.

இது என்ன புக்கு, மனோதத்துவமா? பெரிய எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியுது. கண்ணாடி பையிலதான் இருக்கு, இந்த பஸ்ல மட்டும் போட்டுக்கறதில்ல. தபால்ல படிக்கறீங்களா? வீட்டையும் பாத்துக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு? அது பெரிய விஷயம்மா, சும்மா சொல்லல. இந்த நாய்ப் படம் எனக்குத் தெரியும். மணியடிச்சு மணியடிச்சு நாய்க்குச் சாப்பாடு போட்டாங்களாம். அப்புறம் சாப்பாடே இல்லாம மணியடிச்சாலும் எச்சில் ஊறிச்சாம். ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. எல்லாரும் நாய் பாவம்ங்கறாங்க. எனக்கு அந்த மணி மேலதான் பரிதாபம். சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். அது என்ன பண்ணுச்சு? அடிச்சதத் தவிர ஒரு தப்பும் பண்ணல.

நான் நர்ஸ்மா. கேன்சர் வார்டுல கீமோ மருந்து ஏத்தற வேலை, பாதி ஆயுசு அதுலயே போச்சு. ஒரு தடவ துணிக்கடைல ஒரு தச்சரப் பாத்தேன். எங்ககிட்ட வந்து குணமாகிப் போனவரு, வருஷக்கணக்காச்சு. என்னப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. சிஸ்டர் நல்லா இருக்கீங்களான்னு கேக்க வந்தவரு, நல்லாங்கறதுக்குள்ள வாயப் பொத்திக்கிட்டாரு. விரிச்சுப் போட்டிருந்த துணி மேலயே வாந்தி. கடைக்காரன் என்னையும் சேத்துத் திட்டினான். மனுஷன் கண்ணுல தண்ணி, மன்னிச்சுக்கங்க சிஸ்டர்ங்கறாரு. அவரு மேல என்ன தப்பு? மருந்து வயித்தப் பொரட்டும். மருந்து வரப்பல்லாம் கூடவே என் மூஞ்சியும் வந்துச்சு. வயிறு ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு வச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்ச மூஞ்சி எதிர்ல வந்தா நான் ரோட்டத் தாண்டிடுவேன்.

பழகிடுச்சும்மா. இதெல்லாம் இந்தத் தொழில்ல சகஜம்னுதான் இருந்தேன், என் பொண்ணுக்கு வர வரைக்கும்.

ஆமா, அதே நோய். எங்க வார்டுலயேதான் படுத்தா. முதல்ல வேற சிஸ்டர்தான் ஊசி போட்டா. இவளுக்கு நரம்பே கிடைக்காது, குத்திக் குத்திக் கையெல்லாம் நீலமாப் போச்சு. அம்மா, நீயே போடும்மான்னா. நான் போட்டா ஒரே குத்துதான். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. மருந்து ஏறி முடியற வரைக்கும் தலையத் தடவிக்கிட்டே, இதோ முடிஞ்சுடுச்சு கண்ணு, இதோ முடிஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு.

இல்லல்ல, பொழச்சுட்டாம்மா. அப்படி மூஞ்சிய வச்சுக்காதீங்க. நல்லா இருக்கா, வேலைக்குப் போறா. ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி நிக்கல. மருந்தோட மிச்சம்னு நெனச்சோம். சோப்ப மாத்தினேன். தலைக்கு வைக்கற எண்ணெய மாத்தினேன். யூனிஃபார்ம ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்தேன். வார்டுல போட்டிருந்த கண்ணாடியக் கூட அவ எதிர்ல போட்டுக்கல. கடைசில பாத்தா இதெல்லாம் ஒண்ணும் இல்ல, நான்தான். சாப்பிட வா கண்ணுன்னு கூப்பிட்டா பாத்ரூமுக்கு ஓடுவா. ஆள் எலும்பும் தோலுமாயிட்டா. என் தங்கச்சி வந்து அவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. போன மறுநாளே பொண்ணு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். தங்கச்சி சந்தோஷமா போன் பண்ணிச் சொல்றா. எனக்கும் சந்தோஷம்தான். போன வச்சுட்டு அடுப்படியிலயே உக்காந்து அழுதேன்.

கோவமா? என் மேலயா? சேச்சே. அவளுக்கு ஒண்ணும் மறக்கல. என் குரல் ஆகாதில்ல, அதனால போன்ல எழுதித்தான் அனுப்புவா. நீ இல்லன்னா நான் இல்லம்மான்னு எழுதுவா. தலைக்குள்ள ஒரு ஞாபகம், வயித்துக்குள்ள ஒரு ஞாபகம். ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருந்துக்கிட்டு ஒண்ணோடொண்ணு பேசிக்காது. உங்க புக்குல இத என்ன பேர் வச்சுச் சொல்றாங்களோ.

இப்ப வார்ட மாத்திக்கிட்டேன். குழந்தைங்களுக்குத் தடுப்பூசி. அங்கயும் என்னப் பாத்தாத் தூரத்துலயே வீல்னு கத்துதுங்க. என் ராசி அப்படி.

அந்த டாக்டரம்மா சொன்னாங்க, படிஞ்சதத் தொடச்சு எடுக்க முடியாது, ஆனா அது மேலயே புதுசா ஒண்ணப் படிய வைக்கலாம்னு. மணி அடிக்கணும், ஆனா ஒண்ணும் நடக்கக் கூடாது. தூரத்துல இருந்து ஆரம்பிங்க, அவளுக்குத் தாங்கினா கொஞ்சம் கிட்ட போங்க, அவசரப்படாதீங்கன்னாங்க. எனக்கென்ன அவசரம்? ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து அவ தோள்ல கை போடணும். அவ்வளவுதான்.

அதான் இந்த பஸ்ஸு. நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறிக் கடைசில உக்காந்துக்குவேன். அவ ஆபீஸ் விட்டு முன்பக்கமா ஏறுவா. ஆமா, அந்தப் பச்சை ஸ்வெட்டர்தான். எட்டிப் பாக்காதீங்கம்மா. அவளும் திரும்ப மாட்டா. பின்னாடி நான் இருக்கேன்னு தெரிஞ்சாலே போதும், பொரட்ட ஆரம்பிச்சுடும். காத்து பட்டா கொஞ்சம் அடங்கும், அதுக்குத்தான் ஜன்னல். திறந்திருந்தா நான் இருந்த இடத்துலயே இருக்கணும். சாத்தினான்னா ஒரு வரிசை முன்னாடி வரலாம். எங்களுக்குள்ள அப்படி ஒரு பேச்சு.

பாதி பஸ் வரைக்கும் வந்துட்டேன் தெரியுமா? அப்புறம் ஆபீஸ் வேலையா வெளியூர் போய் மாசக்கணக்குல தங்கிட்டு வந்தா. எல்லாம் சரியாயிடுச்சுன்னுதான் ரெண்டு பேரும் நெனச்சோம். ஏறி உக்காந்ததும் தடதடன்னு ஜன்னலத் திறந்தா. நான் திரும்பவும் கடைசி சீட்டுக்கு வந்து சேந்தேன். அப்பலருந்து இங்கயேதான். அலுப்பா இருக்கும்மா, பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

போன வாரம் பேய்மழை. எல்லா ஜன்னலையும் சாத்திட்டாங்க. கண்டக்டர் வந்து சத்தம் போடறாரு, இவ மட்டும் சாத்தல. ஒரு பக்கம் தோளெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டா. அப்புறம் எழுதினா, சாத்தினா நீ நம்பி எழுந்து வந்துடுவியேம்மா, அதான் சாத்தலன்னு.

என்னது? காத்து வரலையா?

எனக்கும் படல. பஸ் நின்னுடுச்சோன்னு நெனச்சேன். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? கண்ணாடி இல்லாம அவ்வளவு தூரம் தெரியாதும்மா, நீங்க பாத்துச் சொல்லுங்க. எட்டியே பாருங்க, பரவாயில்ல. பாதி சாத்தியிருந்தா கணக்குல வராது. முழுசாவா? நல்லாப் பாத்தீங்களா?

இந்தாங்க, உங்க பையப் பிடிங்க. கால கொஞ்சம் அப்படி நகத்திக்கங்கம்மா. முட்டி பிடிச்சுக்கிச்சு, மெதுவாத்தான் எழுந்துக்கணும். தூரம் இல்ல. இந்தா, இதுக்கு முன்னாடி சீட்டுதான்.