கரட்டூர்க் கதவு

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை அதிகம், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள். அறுபத்துமூன்றில் பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில் அந்தக் கதவை நிறுத்தியபோது, அதை இயக்க என்னை எடுத்தார்கள். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற, வெளிச்சமே போய்ச் சேரப் பல வருஷம் பிடிக்கிற கரட்டூர், அதன் வழியாக ஒரே எட்டு. காலையில் கிள்ளிய வெற்றிலை வாடாமல் அங்கே போய் இறங்கும். அங்கிருந்து வெள்ளைக் கல் வரும். கல்லைத் தவிர அங்கே எதுவும் விளையாது. கல் உடைக்கப் போனதெல்லாம் நம் பக்கத்துக் கூலிச் சனம்தான், குழந்தை குட்டியோடு. அவர்களுக்குச் சோறு முழுக்க இங்கிருந்துதான் போக வேண்டும்.

கப்பலில் பறக்கிற முறையாக இருந்திருந்தால் பல வழி இருந்திருக்கும். ஒருவன் மறித்தால் இன்னொருவன் சுற்றிக்கொண்டு போவான். சண்டையென்றால் இரண்டு பக்கமும் அடி விழும். கதவு முறையில் அதெல்லாம் கிடையாது. திறக்கிற விசை நம் பக்கம் மட்டும். பீரங்கி எதற்கு? நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியிருப்பீர்கள், புரியும்.

கல் கான்ட்ராக்டர் நாச்சிமுத்துவுக்கு அதுகூடப் படிக்காமலே புரிந்திருந்தது. கரட்டூர்க் கூலிகள் கூலி உயர்த்தச் சொல்லிக் கல் ஏற்ற மறுத்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"மூணு நாளைக்குச் சாத்தி வை. வயிறு காஞ்சா வழிக்கு வந்துருவானுக."

"குழந்தைங்க இருக்குதுங்க."

"பி.எஸ்ஸி. படிச்சாலும் மூட்டை தூக்கறவன் புள்ள கதவு சாத்தத்தான் லாயக்கு. சாத்து சாமி."

சாத்தினேன். நான்காம் நாள் திறக்கச் சொன்னார். அவர் மகன் செங்கோட்டையன் அந்தப் பக்கம் மேஸ்திரி. அவனுக்கும் அரிசி தீர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்குக் கணக்குப் பிடிபட்டது. திறந்தால் பசித்த சனம் பழைய கூலிக்கே கல் ஏற்றும், அவர் ஜெயிப்பார். திறக்காவிட்டால் தோற்பார். இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டேன். பொய்யா நிஜமா என்று பார்க்கத் தெரிந்த ஆள் ஜில்லாவில் வேறு யாருமில்லை.

கதவு சாத்தியிருந்தாலும் பேசுகிற கம்பி வேலை செய்தது. கல் உடைக்கிற மாரியாயி விடாமல் கூப்பிட்டாள்.

"ஏனுங்கம்மிணி, இன்னுமா ரிப்பேரு? புள்ளைங்க கல்ல நக்கிட்டுக் கெடக்குதுங்க. ஒரு மூட்டை நொழையற சந்து தொறந்தாப் போதுமுங்க."

"பொறுத்துக்க மாரியாயி. உங்களுக்காகத்தான்."

"எங்களுக்காகத் தொறங்கம்மிணி."

அவளுக்குப் படிப்பில்லை. விளக்கிப் பயனில்லை என்று கம்பியைப் பிடுங்கினேன்.

ஒரு வாரத்துக்கு மேல் சாத்தியிருந்தால் அந்தப் பக்கத்துக் கதவு நிலை இடம் விலகிப் போய்விடும். பிறகு எந்தக் காலத்திலும் அதைப் பிடிக்க முடியாது. இது எனக்கு முன்பே தெரியும். வாரம் கழிந்த பிறகு நாச்சிமுத்து வந்து என் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார், எங்கள் அப்பா அவர் வாசலில் உட்கார்ந்த மாதிரியே.

"என்ன கேட்டாலும் தாரேன். எம்பையன் இருக்கான், தொற சாமி."

இனி முடியாது என்று உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆறாயிரம் பேரைக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான், அந்த வரியை அடிக்க வேண்டாம். 'கூலிகளுக்கு விரோதமாக' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர்களுக்காக நின்றவள் நான் ஒருத்திதான். அவர்களில் ஒருவர்கூட என்னைக் குறை சொன்னதில்லை.