கீழ்த்தளப் பலகையில் இன்று

— அவ்ளோ பெருசா எழுதினா இடம் பத்தாது மாமா. முதல்ல எழுதினதப் படிங்க, பாப்போம்.

— இரும்மா. இன்றைய சொல்: எள்ளல். பொருள்: கேலி பண்றது. உதாரணம் வேணும்னா என் மருமக வாயத் திறக்கறப்போ பக்கத்துல வந்து நில்லுங்க.

— அதையும் எழுதிடாதீங்க! நாலு மாடி ஜனமும் நின்னு படிச்சுட்டுத்தான் லிஃப்ட் ஏறுது.

— படிக்கட்டுமே. அடுத்து, இன்றைய துணுக்கு: ஆக்டோபஸுக்கு மூணு இதயம்.

— உங்க பிள்ளைக்கு ஒண்ணுகூட இல்ல. கப்பல்லேருந்து போன் வந்து நாலு நாளாச்சு.

— அவன விடு. அதாகப்பட்டது, 'வரலாற்றில் இன்று' மட்டும் காலியா நிக்குது. வீட்ல இருக்கற பேப்பர் பூரா பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு ராஜா பொறக்கல, ஒரு ராக்கெட் பறக்கல. உப்புச்சப்பில்லாத தேதி.

— யாரு சொன்னா? இன்னிக்குப் பெரிய நாளு மாமா.

— ஐயோ, உங்க கல்யாண நாளா?

— அதை நீங்க ரெண்டு பேருமா மறந்து, நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, எல்லாம் முடிஞ்சு போச்சு.

— அப்ப, என் பொறந்த நாளு?

— முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவருக்கு இது ஒண்ணு மேல ஏற மாட்டேங்குதே!

— தோத்துட்டேன் தாயே. நீயே சொல்லு.

— போன வருஷம் இதே தேதி. உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

— ம்.

— "ஒரு வருஷம் தாங்கினா பெரிசு"ன்னார். உங்க பிள்ளைகிட்ட கூட சொல்லல. நடுக்கடல்ல அவர் என்ன பண்ணுவார்? நானே உள்ள போட்டுப் பூட்டிக்கிட்டேன்.

— அதான் இந்தப் பலகைய என் தலைல கட்டினியா?

— தினம் ஒரு வேலை காத்திருந்தா எழுந்து வருவீங்கன்னு ஒரு நப்பாசை. போன வாரம் ஸ்கேனப் பாத்துட்டு அதே டாக்டர் வாயப் பொளந்துட்டார் மாமா. இன்னியோட ஒரு வருஷம். அவர் கணக்கு தப்பு.

— அழாதம்மா. மாடிக்காரங்க பாத்தா நான்தான் ஏதோ சொல்லிட்டேன்னு நெனப்பாங்க.

— நீங்க எப்படி இப்படி அசையாம நிக்கறீங்க? இவ்ளோ பெரிய விஷயம், தூக்கிவாரிப் போடல?

— ஆஸ்பத்திரில என் கட்டில் கதவோரமாதானே இருந்துது. அவர் சொன்னது அன்னிக்கே காதுல விழுந்துடுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் தினமும் விடியறதுக்கு முன்னால வந்து, எனக்கு மூச்சு வருதான்னு குனிஞ்சு பாத்துட்டுப் போவியே, நீ பயந்துடக் கூடாதுன்னுதான் முழிச்சுக்கிட்டே படுத்து சத்தமா குறட்டை விட்டேன்.