சுவரில் தொங்கிய காது

அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் கடைத்தெருவின் கலங்கரை விளக்காய் வீற்றிருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் முனீப் ஹாஜியார் அவர்களே! அனுபவத்தால் நரைத்து அன்பால் கனிந்த பெரியோர்களே! கல்லாப்பெட்டியையும் குசினி அடுப்பையும் ஒரே கையால் ஆளும் தாய்மார்களே! துறைமுகக் காற்றோடு போட்டி போட்டுக் கைதட்டும் இளைஞர்களே! அனைவருக்கும் என் அஸ்ஸலாமு அலைக்கும், அன்பான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாள்களை நானே எழுதினேன். ஓம், நானே! எழுதப் பழகி ஒரு வருடம் ஆகவில்லை. என் எழுத்து சோளகக் காற்றில் அகப்பட்ட தோணிபோல ஏறும், இறங்கும், சில இடங்களில் கவிழ்ந்தும் கிடக்கும். வாசிக்கையில் நான் தடுக்கினால் தமிழில் பிழையில்லை, இந்த முத்தலிப்பின் கையில்தான் பிழை என்று கொள்ளுங்கள்.

பெரியோர்களே! களவு என்றால் என்ன? பூட்டை உடைத்தால் களவு, பொருளை எடுத்தால் களவு. பூட்டையும் உடைக்காமல், பொருளையும் தொடாமல், நாம் பேசிய பேச்சை எடுத்துப் போனால் அதற்கு என்ன பெயர்?

என் மருமகள் ஜெமீலாவை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் கல்யாண மேடை அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் துணியும் பூவும் மட்டுமா பேசுவார்கள்? வீட்டுக் கதை பேசுவார்கள். மனப்பாரத்தை இறக்கி வைப்பார்கள். ஜெமீலாவின் வாயை விட்டு ஒரு சொல்லும் வெளியே போகாது. அந்தக் கடையின் கைமுதல் அதுதான், மற்றதெல்லாம் துணி.

அந்த முதலுக்குத்தான் ஆபத்து வந்தது. ஜெமீலா யாருக்கு என்ன விலை சொன்னாலும், அதற்குச் சற்றுக் குறைவாக இன்னொரு கடை சொன்னது. அதையாவது வியாபாரம் என்று விடலாம். கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா, மகளின் கல்யாண மேடை பேச வந்தார். மகளுக்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசிக் குழம்பிப்போனதைக் கண்ணீரோடு சொன்னார். அடுத்த வாரமே அந்தக் கதை மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றது!

ஜெஸீமா புயலாக வந்தார். "உன்ன நம்பித்தானே தங்கச்சி வாயத் திறந்தன்? வேற ஒரு குஞ்சுக்கும் செல்லல்லயே!" என்றார். ஜெமீலா அழவுமில்லை, வாதாடவுமில்லை. "நான் செல்லல்ல ராத்தா" என்று மட்டும் சொன்னாள். நம்புவதற்கு ஆள் இல்லாதபோது உண்மை எவ்வளவு மெலிந்து போகிறது!

அந்தக் கடையின் மூலையில்தான் நான் பகலில் ரேடியோ கேட்பேன். அது புதுப் பழக்கம் ஒன்று பழகியிருந்தது. கடையில் யாராவது பேசினால் அதுவும் 'டட் டட் டட்' என்று கத்தும். எல்லாரும் வாயை மூடினால் சற்று நேரத்தில் தானும் அடங்கும். "மாமா, உங்கட ரேடியோவுக்கு என்னில பொறாமை" என்பாள் மருமகள். சாம்பல்தீவில் ரேடியோ திருத்தும் பேணாட்டிடம் கொடுத்தேன். அவர் கடையில் அது குயிலாகப் பாடியது. எங்கள் கடைக்குத் திரும்பியதும் தவளை!

பேணாட் நேரில் வந்தார். "முத்தலிப் காக்கா, போன் வேலை செய்யேக்க பக்கத்து ரேடியோ இப்பிடித்தான் கத்தும். எல்லாற்ற போனையும் வெளியில வையுங்கோ" என்றார். வைத்தோம். ஜெமீலா பேசினாள். 'டட் டட் டட்!' "அப்ப உள்ளுக்கு இன்னொரு போன் ஒளிஞ்சிருக்கு" என்றார்.

ரேடியோவைக் கையில் ஏந்திக் கடை முழுக்க நடந்தேன். அலுமாரிப் பக்கம் முணுமுணுத்தது. வாசல் பக்கம் ஓய்ந்தது. சுவரில் தொங்கிய பாங்கு மணிக்கூட்டுக்குக் கீழே நின்றேன். கூச்சல்!

சபையோரே, அந்த மணிக்கூடு எப்படி வந்தது? கடை திறந்த அன்று வந்த அன்பளிப்பு. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? அன்பளிப்பைச் சுவரில் மாட்டாவிட்டால் கொடுத்தவர் மனம் நோகும். ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் பொருள் என்றால் தூசு தட்டவும் கைகால் கழுவி ஒளுவோடு போவோம். அதைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

என் மகன் றம்ஸான் பதறினான். "வாப்பா, பாங்கு சொல்ற சாமான். அதப் போய்க் கழட்டுறதா?" ஜெமீலா கதிரையில் ஏறிவிட்டாள். "மரியாத பாங்குக்கு. மணிக்கூடு பிளாஸ்டிக். கதிரையப் பிடிங்க!" என்றாள்.

முதுகைத் திறந்தார் பேணாட். உள்ளே விரல் நகமளவு ஒரு சிம். அருகில் ஒரு சின்ன மைக், பேச்சுக் கேட்டதும் வெளியே போன் போடும் காது!

(என்ன தம்பி? யார் வைத்தது என்றா? பொறுங்கள். பெயர் நான் சொல்லமாட்டேன். அது பொலிஸ் சொல்ல வேண்டியது.)

உடைக்கவில்லை. படம் பிடித்தோம், மூடினோம், மறுபடி மாட்டினோம். ஜெஸீமாவைக் கெஞ்சி அழைத்து வந்து கதிரையில் இருத்தினோம். ஜெமீலா மணிக்கூட்டைப் பார்த்துப் பேசினாள்: "ராத்தா, இந்த முறை கல்யாணப் பொண்ணுகள் எல்லாரும் வெங்காயக் கலர்தான் கேக்கிறாங்க. துணி தட்டுப்பாடு வரப்போகுது!"

யார் கேட்டார்கள் வெங்காயக் கலர்? ஒருவரும் இல்லை! ஆனால் அந்த வாரக் கடைசியில், விலை குறைத்துச் சொன்ன அதே கடையின் கண்ணாடிக்குள் பார்த்தால் மேடை வெங்காயம், திரை வெங்காயம், கதிரை வெங்காயம்! சாம்பாருக்குப் பருப்பு மட்டும்தான் குறை!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஜெஸீமா அந்தக் கண்ணாடி முன் நின்று சிரிக்கவில்லை. நேரே எங்கள் கடைக்கு வந்து ஜெமீலாவின் கையைப் பிடித்தார். "உன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டனே தங்கச்சி."

"விடுங்க ராத்தா. சுவருக்கும் காது இரிக்கு எண்டு உம்மா செல்லுவா. நானும் சுவரத்தான் பாத்தன். அதில தொங்கினதப் பாக்கல்ல."

மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள். "முந்திப் பேசினது ஒரு குற்றமா?" என்று கேட்டார்கள். போன மாதம் கல்யாணம் நடந்தது. மேடை ஜெமீலாவுடையது. மணிக்கூடு இப்போது பொலிஸில் இருக்கிறது.

ஆகவே அன்பர்களே! உப்புவெளியில் விடுதி நடத்துகிறவர்களே, உங்கள் அறைகளை நீங்களே இருட்டாக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒளித்த கமெராவின் கண் மின்னிக் காட்டிக்கொடுக்கும். கடைக்காரரே, மின்சாரத்தில் செருகிய ஒவ்வொன்றையும் இது எப்படி வந்தது, யார் செருகியது என்று கேளுங்கள். உங்கள் வைபையில் யார் யார் தொங்குகிறார்கள் என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எதையாவது கண்டால் அடித்து நொறுக்காதீர்கள், அது சாட்சி!

கதவைச் சாத்திப் பேசுவது குற்றமா? இல்லை! திரையை இழுத்துவிடுவது கள்ளத்தனமா? இல்லை! தாய் மகளிடம் சொல்வது ஊருக்கா? இல்லை! வியாபாரி தன் மனைவியோடு போடும் கணக்கு எதிர்க்கடைக்கா? இல்லை! வெட்கப்பட வேண்டியவர் பேசியவர் அல்லர், ஒளிந்து கேட்டவர். இன்றைக்கும் அஞ்சி அஞ்சிக் குசுகுசுக்கும் தாய்மாரே, உங்கள் வீட்டுக்குள் உங்கள் குரல் உங்களுடையது. அதை ஓங்கி ஒலிக்கவிடுங்கள்!

பொறுமையோடு கேட்ட சபைக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும் என் நன்றி. எங்கள் வீட்டில் என்ன கதை நடக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவருக்கும் என் ஸலாம். வாசலால் வந்து கதவைத் தட்டுங்கள். குடிக்கப் பிளேன்ரீ தருவோம். சொல்லக்கூடியதைச் சொல்லுவோம். மற்றது எங்களுடையது!