மலைமேல் முதல் ஆள்

— கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ஹெய்செய் நாலு, அதாவது தொண்ணூத்திரெண்டாம் வருஷத்து ஸ்கைலைன் கார், ரெட்டை டர்போ, உடம்புல ஒரு கீறல் கிடையாது. அதுக்கு உங்க கம்பெனி போட்டிருக்கிற மதிப்புல என் பொண்டாட்டி சைக்கிளுக்கு ஒரு கூடை மாட்டலாம். அவ்வளவுதான்!

— மன்னிக்கணும் சகானாஷி ஐயா. சாதாரண இன்சூரன்ஸ்ல முப்பது வருஷம் தாண்டின வண்டின்னா வெறும் இரும்புதான். அதனாலதான் இன்னொரு திட்டம் கொண்டு வந்திருக்கேன். பழைய ரக வண்டிக்குன்னே உள்ளது. வண்டியோட மதிப்பை நீங்களும் நாங்களும் முன்கூட்டியே பேசி எழுதிக்குவோம். திருடு போனாலும் சரி, நொறுங்கினாலும் சரி, எழுதின தொகை அப்படியே கைக்கு வரும்.

— இது பேச்சு! பார்த்தியா மிட்சுயோ, உராதா சானுக்கு வண்டின்னா என்னன்னு தெரியுது. டீ கொண்டா.

— டீ கொண்டாந்து வச்சு ஆறியே போச்சு. கழுதை, கற்பூரம்னு நீங்க கத்தின கத்துல கண்ணு தெரியலை போல. உராதாம்மா, இந்தக் கொழுக்கட்டை எடுத்துக்கோங்க. சர்க்கரைவள்ளிக் கிழங்கு உள்ள வச்சது. ஷெட்டுல நிக்க வச்சே சாப்பாடு போடுறோம்னு நினைச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல மகாராசாவோட பட்டத்து யானையைப் பார்த்தாத்தான் உள்ள விடுவார்.

— பரவாயில்லைம்மா. எனக்கும் போட்டோ எடுக்கணுமே. ஐயா, சில கேள்வி கேட்டுக்கலாமா? வண்டி எப்பவும் இங்கதான் நிக்குமா?

— இங்கதான். ஷட்டர், ரெண்டு பூட்டு, கேமரா. போன மாசம் யாட்சுஷிரோ பக்கம் இதே மாதிரி வண்டியை விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை.

— வீட்டுக்குள்ள இடம் இல்லை, உராதாம்மா. இருந்திருந்தா என்னை ஷெட்டுல படுக்க வச்சுட்டு வண்டிக்கு மெத்தை விரிச்சிருப்பார்.

— நீ சும்மா இரு. வேற என்ன கேக்கணும், கேளுங்க.

— எதுக்குப் பயன்படுத்துறீங்க?

— எங்க பழைய கார் சங்கத்துக்கு. மாசம் ஒரு தடவை அசோ மலைக்குப் போவோம். மேல அந்தப் பார்வை மேடை இருக்கு பாருங்க, அங்க எல்லா வண்டியும் கூடும். வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய கண்காட்சி. வண்டி நிறுத்தணும்னா இன்சூரன்ஸ் பத்திரத்தோட நகல் குராதோமி கையில போயாகணும். அவர் துணைத் தலைவர். நான், ஒரு தலைவர்ங்கிற முறையில, நானே பத்திரம் இல்லாம போய் நின்னா நல்லாவா இருக்கும்?

— தலைவரா! தெரியாம போச்சே.

— இப்ப தெரிஞ்சிருச்சுல்ல. தெரியாதவங்க இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க. தபால்காரருக்குக்கூடச் சொல்லியாச்சு.

— யார் ஓட்டுறது ஐயா?

— நான்தான்.

— வீட்டம்மாவும்...

— சே சே! நான் மட்டும்தான். இந்த வண்டி மேல இன்னொருத்தர் மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது. 'சொந்தக்காரர் மட்டும்'னு போடுங்க. அதுக்குத் தள்ளுபடி உண்டே. இப்ப இருக்கிற இன்சூரன்ஸும் அப்படித்தான், வாங்கின நாள்ல இருந்து.

— என்னது? இப்ப எப்படி இருக்கு?

— ஒண்ணுமில்லை மிட்சுயோ. அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம். நீ போய் சூடா டீ போட்டு எடுத்துட்டு வா.

— டீ கிடக்கட்டும். வாங்கின நாள்ல இருந்துன்னா ஏழு வருஷம். ஏழு வருஷமா 'சொந்தக்காரர் மட்டும்'னா போட்டு வச்சிருக்கீங்க?

— அப்புறம் பேசலாம்னு சொன்னேன்ல. உராதா சான், அடுத்த கேள்வி.

— லைசென்ஸ் என்ன நிறம்னு...

— தங்க நிறம்! இத்தனை வருஷத்துல ஒரு அபராதம் உண்டா, ஒரு சிவப்பு விளக்கு தாண்டினது உண்டா? ஒரு தலைவர்னா அப்படி இருக்கணும்.

— ஆமா ஆமா. காலே படாத செருப்பு தேயாதுதான்.

— மன்னிக்கணும்மா, என்ன சொன்னீங்க?

— கொழுக்கட்டை இன்னொண்ணு எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்.

— முன்பக்கம், உள்பக்கம் எல்லாம் போட்டோ எடுத்துட்டேன் ஐயா. பின்னாடிதான் செவரை ஒட்டி நிக்குது. நம்பர் பிளேட்டு தெரியணும். வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுத்து நிறுத்துறீங்களா?

— இப்பவா?

— ஒரு வண்டி நீளம் வந்தா போதும்.

— அது... இன்னைக்கு நாள் சரியில்லை. காலண்டரைப் பாருங்க, புத்சுமெட்சு போட்டிருக்கு. கெட்ட நாள்ல வண்டியைக் கிளப்ப மாட்டேன்.

— இன்சூரன்ஸ் எடுக்க மட்டும் நல்ல நாளா?

— மிட்சுயோ! அதுவும் போக, உராதா சான், இந்த மாதிரி இன்ஜினை எடுத்த எடுப்புல நகர்த்தக் கூடாது. சூடு ஏறணும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரணும். ஞாயித்துக்கிழமைதோறும் நான் ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் உள்ள உக்காந்து சும்மா சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பேன். அது ஒரு தியானம்.

— அந்தத் தியானத்துப் புகையில பக்கத்து வீட்டுக்காரங்க காயப்போட்ட துணியையெல்லாம் ரெண்டு தடவை துவைச்சாங்க.

— மன்னிக்கணும் ஐயா, இன்னொண்ணு. கேக்கலாமான்னு தெரியலை. உள்ள போட்டோ எடுக்கும்போது பார்த்தேன். ஓட்டுறவர் சீட்டு ரொம்ப முன்னாடி இழுத்திருக்கு. உங்க உயரத்துக்கு முழங்கால் தாடையில இடிக்குமே?

— முதுகு வலி. டாக்டர் அப்படி உக்காரச் சொன்னார்.

— சீட்டு மேல ஒரு பூப்போட்ட திண்டு...

— அதுவும் முதுகுக்குத்தான்.

— சீட்டுக்கடியில ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. சின்ன அளவு.

— அது... அது வந்து...

— அது டாக்டரோட ஷூ, உராதாம்மா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது எப்படின்னு இவர்கிட்ட வந்துதான் படிக்கணும். குடுங்க அந்தச் சாவியை.

— மிட்சுயோ, வேணாம். சொல்றதைக் கேளு. வெளியாள் இருக்காங்க.

— குடுங்கன்னா குடுங்க. உராதாம்மா, ரெண்டு பேரும் செவரோரமா ஒதுங்கி நில்லுங்க. கொழுக்கட்டைத் தட்டைக் கையில எடுத்துக்கோங்க, தரையில இருக்கு.

— அடேயப்பா! ஒரே மூச்சுல வெளிய கொண்டுபோய், திருப்பி, வாசலை ஒட்டி நிறுத்திட்டீங்களேம்மா! நானும் இருபது வருஷமா வண்டிக்காரங்க வீட்டுக்குப் போறேன். இந்த மாதிரி கிளட்சு இறுக்கமான வண்டியை இப்படி வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

— எங்க அப்பாவுக்கு கவாச்சியில ஆரஞ்சுத் தோட்டம். கடலைப் பார்த்த சரிவு. பதினெட்டு வயசுல இருந்து லாரியில பெட்டி பெட்டியா ஏத்திக்கிட்டு அந்தச் சரிவுல ஓட்டி இறங்கினவ நான். இதெல்லாம் எனக்கு அல்வா. இப்ப போட்டோ எடுத்துக்கோங்க.

— ஐயா... அப்ப நீங்க...

— வாயைத் திறங்க. இல்லைன்னா நான் சொல்றேன். உராதாம்மா, இவர் லைசென்ஸ் தங்கம்தான். ஆனா அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உள்ள லைசென்ஸ். ஆட்டோமேட்டிக். இந்த வண்டியை இவர் தொடக்கூடாது. தொடவும் தெரியாது. கடையில இருந்து வீட்டுக்கு ஓட்டிட்டு வந்ததே நான்தான்.

— வாங்கின சூட்டோட போய் மாத்திக்கணும்னுதான் இருந்தேன் உராதா சான். நாலு வகுப்பு, ஒரு பரீட்சை, அவ்வளவுதான். ஆனா அந்த டிரைவிங் ஸ்கூல்ல வரவேற்பு மேஜையில உக்காந்திருக்கிறது யாரு? குராதோமியோட மச்சினி. நான் போய் எப்படிங்க கியர் கத்துக் குடுங்கன்னு கேப்பேன்?

— அதனால ஏழு வருஷமா நான் ஓட்டுறேன். இவர் பக்கத்துல உக்காந்து, 'இப்ப மூணாவது போடு, இப்ப ரெண்டாவது போடு'ன்னு எனக்கு வகுப்பு எடுப்பார். மேல போய் நிறுத்தினதும் நான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒதுங்கிடணும். இவர் ஓட்டுற பக்கத்துக் கதவுல சாஞ்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு நிப்பார்.

— மன்னிக்கணும். எனக்கு ஒரு விஷயம் தெளிவாகணும். இது என் தொழில், கேக்காம இருக்க முடியாது. பழைய பத்திரத்துல 'சொந்தக்காரர் மட்டும்'. அப்படின்னா இந்த ஏழு வருஷமா, இந்த வண்டியை ஓட்ட முடியாதவருக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கு. ஓட்டினவங்களுக்கு இல்லை.

— அதைத்தான் நானும் இவ்வளவு நேரமா விழுங்கிட்டு நிக்கிறேன். ஏங்க, அந்த மலையில மூடுபனி இறங்கினா முன்னாடி போற வண்டியோட விளக்குகூடத் தெரியாது. எத்தனை தடவை கொட்டுற மழையில உங்களைப் பத்திரமா கீழ கொண்டாந்திருக்கேன்? நான் யார் மேலயாவது மோதியிருந்தா? யாரையாவது கொன்னிருந்தா? வாழ்நாள் பூரா நான் கட்டி அழுதிருக்கணும். எதுக்கு? தள்ளுபடிக்கு!

— தள்ளுபடிக்கு இல்லை மிட்சுயோ.

— அப்புறம் எதுக்கு?

— உன் பேரைச் சேர்த்தா அது பத்திரத்துல அச்சாகி வரும். சங்கத்துல எல்லாரும் பத்திரத்தை எடுத்துக் காட்டுவாங்க.

— நல்லா இருக்கு! என் தலை உருண்டாலும் பரவாயில்லை, உங்க தலைப்பாகை சாயக் கூடாது.

— ஐயா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நடந்தது நடந்து போச்சு, நல்லவேளை ஒண்ணும் ஆகலை. புதுப் பத்திரத்துல முதன்மையா ஓட்டுறவர் சகானாஷி மிட்சுயோன்னு எழுதிடலாம். சொந்தக்காரர் நீங்கதான், அதுல மாற்றமில்லை. வேற மாதிரி எழுத என்னால முடியாது. பொய்னு தெரிஞ்சே எழுதினா எனக்கு வேலை போகும், உங்களுக்கு ஒரு யென் வராது.

— அந்தப் பேரு எந்த இடத்துல வரும்?

— முதல் பக்கத்துல, மேல.

— சின்ன எழுத்தா போட முடியாதா?

— மன்னிக்கணும்.

— அப்ப வேணாம். இன்சூரன்ஸே வேணாம். வண்டியும் வேணாம், வித்துடறேன்.

— என்ன சொன்னீங்க?

— வித்துடறேன்னு சொன்னேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். பணத்தை எண்ணி வச்சிட்டு கப்பல்ல ஏத்திட்டுப் போயிடுவான். முதுகு வலி, டாக்டர் வேணாம்னுட்டார்னு சங்கத்துல சொல்லிக்கிறேன்.

— உசுரா வச்சிருக்கிற வண்டியை விடுவீங்க, பொய்யை விட மாட்டீங்க?

— உனக்கு என்ன தெரியும்? எனக்கு எதுக்குத் தலைவர் பதவி குடுத்தாங்கன்னு தெரியுமா உனக்கு? இன்ஜினைப் பத்திப் பேசினதுக்கா? இல்லை. ஏழு வருஷத்துல ஒரு மாசம்கூட எனக்கு முன்னாடி ஒருத்தன் மலை மேல வந்ததில்லை. எனக்கு அப்புறம் ஒருத்தன் இறங்கினதில்லை. முதல்ல வந்து நிக்கிறவன் நான், எல்லாரையும் வழியனுப்பிட்டுக் கடைசியாப் போறவன் நான். புதுவருஷ விருந்துல குராதோமி எழுந்து நின்னு சொன்னார், 'சகானாஷி சான் மாதிரி ஒழுங்கு உள்ள மனுஷனை நான் பார்த்ததில்லை'ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்க ஆபீசுல இத்தனை வருஷத்துல ஒருத்தன் என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கொண்டுபோய் இந்த ஒரு காகிதத்துக்காகக் குடுக்கச் சொல்றியா?

— முதல் ஆளா போறது ஓட்டுறதை யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதானே?

— காரணம் எதுவா இருந்தா என்ன? வந்தேனா இல்லையா?

— குராதோமி அப்படிப் பேசும்போது உங்க மூஞ்சியைப் பார்த்தாரா?

— இல்லை. சாக்கே கோப்பையைப் பார்த்துக்கிட்டே பேசினார். கூச்ச சுபாவம் அவருக்கு.

— மத்தவங்க?

— எல்லாரும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. உருகிப் போயிட்டாங்க.

— ஐயோ ஐயோ. உராதாம்மா, நீங்க என் பேரை முதல் பக்கத்துலயே எழுதுங்க, நல்லாக் கொட்டையா எழுதுங்க. நகலை குராதோமிக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்.

— மிட்சுயோ, என் மானத்தை வாங்காதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— கும்பிட வேண்டியது என்னை இல்லைங்க, அவங்களை. மலையடிவாரத்துல அந்த இருபத்திநாலு மணி நேரக் கடை இருக்கே, அங்க மாசாமாசம் உங்க சங்கத்து ஆளுங்க அத்தனை பேரும் டப்பாக் காப்பியும் கையுமா வண்டியை நிறுத்திட்டுக் காத்துக் கிடக்கிறாங்க, டிபன் டப்பாவைத் தூக்கிட்டு ஒதுங்கிப் போன நான் போன் போட்டு, 'இடம் மாறி உக்காந்து இறங்கி நின்னுட்டார், இனிமே மேல வரலாம்'னு சொல்ற வரைக்கும்.